மிஸ்டு கால் மோட்டார்

போன் இரண்டு தடவை அடித்து நின்றது. பிறகு பட்டறைக்குப் பின்னால் மோட்டார் உறுமத் தொடங்கியது.

“இதேதான் என் கண்டுபிடிப்பு!” என்று மேசையைத் தட்டினார், தன் வக்கீலோடு வந்திருந்த பெரிய பம்பு கம்பெனி முதலாளி ராஜமாணிக்கம். மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டாரை ஓடவிடும் பெட்டிக்கு 2016-ல் விண்ணப்பித்துக் காப்புரிமை வாங்கியிருந்தார். அதே பெட்டியைச் செய்து விற்கிறதென்று நான்கு வருடமாக இந்தச் சின்னப் பட்டறை மேல் வழக்கு. “எனக்கு முந்தி யாராச்சும் வித்ததுக்கு அத்தாட்சி காட்டுய்யா. இல்லேன்னா இன்னிக்கே பட்டறையை மூடு.”

பட்டறை ஓனர் பழனியப்பன் கோர்ட்டுக்கு அலைந்தே ஓய்ந்துபோனவர். மூடினால் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பதினோரு பெண்களுக்கும் வேலை போய்விடும்.

அவர்களில் ஒருத்தியான மாராத்தாள் தலையை நிமிர்த்தினாள். “ஏனுங்க, எங்க ஓனரு 2015-ல செஞ்சதப் பாத்துத்தான் நீங்க காப்பியடிச்சீங்கன்னு ஊருக்குள்ள பேசிக்கறாங்களே, நெசமுங்களா?”

“எவன் சொன்னான்? 2014 பொங்கலுக்கே பொள்ளாச்சிக் கடைவீதியில நாப்பது பெட்டி வித்தவன் நான்!” போனைத் திறந்து, மாலை போட்ட பெட்டியோடு தான் நிற்கும் படத்தை நீட்டினார். பின்னால் தேதியோடு பேனர்.

அவருடைய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குள் பழனியப்பன் அதைத் தன் போனில் படம் பிடித்துவிட்டார்.

“விண்ணப்பத்துக்கு முந்தியே கடையில வித்த சாமானுக்குக் காப்புரிமை செல்லாது, யாரு வித்திருந்தாலும் சரின்னு காலையில சட்டத்த எங்களுக்கு வாசிச்சுக் காட்டுனது இந்த வக்கீலய்யாதானுங்க,” என்றாள் மாராத்தாள். “அத்தாட்சி கேட்டீங்க, ரெண்டு வருசம் முந்தியே வித்ததுக்கு நீங்களே கொண்டாந்துட்டீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. ராஜமாணிக்கத்தின் கார் கிளம்பிப் போனது.

“வேறெதுக்காச்சும் நோட்டீஸ் விடுவான், மாராத்தா,” என்றார் பழனியப்பன்.

“விடுவாருங்க,” என்றவள், கீழே விழுந்திருந்த கம்பி நுனியைத் தேடி எடுத்து, விட்ட சுற்றிலிருந்து சுற்றத் தொடங்கினாள்.