எந்த ரெக்கார்டர் வாங்குவது?

"எல்லாத்தையும் வித்துரலாம்னு இருக்கேன் டீச்சர்" என்றார் ஆவுடையப்பன்.

ஜெசிந்தா டீச்சர் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூத்துக்குடியில் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு வாசிப்பவர். ஆவுடையப்பனைவிட வயதில் நிறையவே சின்னவர். ஆனாலும் ஆவுடையப்பனுக்கு சிந்தசைசர் என்கிற மின்னிசைக் கருவியை வாசிக்கச் சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

"எதை அண்ணாச்சி?"

"வீட்டுல இருக்கிற மூணு சிந்தசைசரையும்."

"ஏன்?"

"வாசிக்கிறதெல்லாம் காத்தோட போகுது. ஒண்ணைக்கூட பதிஞ்சு வைக்கலை."

"பதியுங்களேன்."

"கம்ப்யூட்டர்ல பதியப் போனா கடைசியில கம்ப்யூட்டரத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். அதான், தனியா ஒரு ரெக்கார்டர் வாங்கலாம்னு நினைச்சேன். பட்டனை அமுக்கினாப் பதியணும், அவ்வளவுதான். தேட ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆச்சு."

"கிடைக்கலையா?"

"நிறையக் கிடைக்குது. அதான் கஷ்டம். எட்டு ட்ராக் உள்ளதை வாங்கினா ஒவ்வொரு சிந்தசைசரையும் தனித்தனியாப் பதிஞ்சு பிறகு திருத்தலாம். ஆனா நான் ஆயுசுக்கும் திருத்திக்கிட்டே இருந்துருவேன். ரெண்டு ட்ராக் போதும்னு வாங்கினா, ஒரு தப்பு விழுந்தா அது அப்படியே நிக்கும். நீங்க சொல்லுங்க. நீங்க சொல்லுததை வாங்குதேன்."

டீச்சர் துணியை மடித்து வைத்தார்.

"நீங்க வாசிக்கிறதை யார் கேட்டிருக்காங்க?"

"யாரும் இல்லை. முதல்ல நல்லாப் பதிஞ்சுட்டு, அப்புறமாக் கேக்கக் கொடுக்கலாம்னு..."

"நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வாரேன்" என்றார் டீச்சர்.

மறுநாள் வந்தார். கையில் அவருடைய சொந்த ரெக்கார்டர். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாதனம். சிவப்பாக ஒரே ஒரு பெரிய பட்டன்.

ஆவுடையப்பன் ஆவலோடு தன் அறைக் கதவைத் திறந்தார்.

டீச்சர் அறைக்குள் போகவில்லை. நேரே அடுப்படிக்குப் போனார். அங்கே ஆவுடையப்பனின் மனைவி உலகம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அண்ணாச்சி என்ன வாசிக்காரு?"

"எனக்கு என்ன தெரியும்? பக்கத்து வீட்டுக்கு இடைஞ்சல்னு காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டுல்லா வாசிக்காரு."

"உங்களுக்கு ஒண்ணுமே கேக்காதா?"

"கீபோர்டு கட்டையைத் தட்டுற சத்தம் மட்டும் கேக்கும்."

உலகம்மை ஒரு தட்டைக் கவிழ்த்தாள். விரல்களால் அதன்மேல் தட்டிக் காட்டினாள். மெதுவாக ஆரம்பித்தது. திடீரென்று ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது.

"ஞாயித்துக்கிழமைன்னா இது. நடுவுல ஒரு இடம் நின்னு நின்னு போகும். அந்த இடத்துல எனக்கும் கை நின்னுரும்."

டீச்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மனசு சரியில்லைன்னா வேற ஒண்ணு. ரொம்ப மெதுவாத்தான் தட்டுவாரு. அன்னைக்கு நான் ஒண்ணும் பேச்சுக் கொடுக்க மாட்டேன். காபி மட்டும் கொண்டு வச்சுட்டு வந்துருவேன்."

ஆவுடையப்பன் அடுப்படிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ இதையெல்லாம் என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"காதுல அதை மாட்டியிருந்தா எங்க சொல்ல?"

ஆவுடையப்பன் அறைக்குப் போனார். ஹெட்போன் வயரை உருவினார். பெரிய சிந்தசைசரிலேயே ஸ்பீக்கர் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதில் சத்தம் வந்ததில்லை.

டீச்சர் அறைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் ரெக்கார்டரை வைத்தார்.

"இதை ரெக்கார்டர்ல மாட்ட வயர் எங்க டீச்சர்?"

"கொண்டுவரலை."

"வயர் இல்லாட்டி வெளிச்சத்தமெல்லாம் விழுமே!"

டீச்சர் சிவப்புப் பட்டனை அமுக்கினார்.

ஆவுடையப்பன் வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை மெட்டு. முதலில் மெதுவாகத் தொடங்கினார். பிறகு கை தானாகப் போனது. உலகம்மை கீரைக் கையோடு வந்து அறை வாசலில் நின்றாள். நின்று நின்று போகும் இடம் வந்தது. அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. அவர் திடுக்கிட்டதில் ஒரு விரல் பக்கத்துக் கட்டையில் விழுந்தது. அவர் நிறுத்தவில்லை.

மெட்டு முடிந்தது.

உலகம்மை கையில் இருந்த கீரையைக் கீழே வைத்தாள்.

"இத்தனை நாளும் இதை அழுகைப் பாட்டுன்னுல்லா நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். "இவ்வளவு சந்தோஷமா இருக்கு!"

ஆவுடையப்பன் எழுந்தார்.

"டீச்சர், விசில் சத்தம் விழுந்துட்டு. நடுவுல ஒரு தப்பும் இருக்கு. அழிச்சுட்டு இன்னொரு தடவை..."

ஸ்டூலை நோக்கிக் கையை நீட்டினார்.

அதற்குள் உலகம்மை ரெக்கார்டரை எடுத்துவிட்டாள். சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதே மாதிரி எங்களுக்கும் ஒண்ணு வேணும்" என்றாள். "எங்க கிடைக்கும் டீச்சர்?"