குருவம்மாளின் முறம்

விருந்துக்குப் பதினாறு கறி, அதைச் சமைக்கும் அடுப்படிக்கு ஒற்றைத் திரி விளக்கு. மேலக்காட்டு ஜமீன்தாரின் தாராளம் அவ்வளவுதான்.

அன்று விருந்தாளிகள் முன்னால் அவர் வாயில் கல் கடிபட்டது. சமையல்காரி குருவம்மாளைக் கூப்பிட்டார்.

"இனி சோத்துல ஒரு கல் இருந்தாலும் உனக்கு இங்க வேலை இல்லை!"

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தாள். ஓர் ஓவியர் அதே அடுப்படியில் உட்கார்ந்து, அவள் வேலை செய்வதை உள்ளது உள்ளபடி வரைந்தது. வருகிறவர்களிடமெல்லாம் ஜமீன்தார் பெருமையடிக்கும் படம்.

"எசமான், இதுல என் மடியில ஒரு முறம் இருக்கு. அதுல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

ஜமீன்தார் மூக்கு உரசப் பார்த்தார்.

"ஒரே இருட்டு. முறமே தெரியலை, உள்ள இருக்கறது எப்படித் தெரியும்?"

"அந்த முறத்துலதான் எசமான், தினமும் கல் பொறுக்கறேன்."