சத்தம் வராத இரவல் கேமரா

“ஞாயித்துக்கிழமை திருப்பிக் கொடுத்தாகணும் டீச்சர். அதுக்குள்ள இந்தக் கேமராவிலேர்ந்து எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவையும் கறந்துடணும். வழி சொல்லுங்க.”

வேதரத்தினம் இப்படிக் கேட்டது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

அவர் ஐம்பதைத் தாண்டியவர். இன்சூரன்ஸ் ஏஜென்ட். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மச்சினனிடம் மிரர்லெஸ் கேமரா ஒன்றை இரவல் வாங்கியிருந்தார். வாங்கிய நாளிலிருந்து அதைக் கழுத்தைவிட்டு இறக்கவில்லை.

டீச்சர் ஜெசிந்தா அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். திருத்துறைப்பூண்டியில் ஒரு ஸ்டுடியோவின் மாடியில் கேமரா வகுப்பு எடுக்கிறார். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அதனாலேயே பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். வேதரத்தினம் ஓடவில்லை.

“அப்படி என்ன அவசரம் சார்?”

“மாவட்டப் போட்டிக்கு ஞாயிறுதான் கடைசி. வருஷா வருஷம் போன்ல எடுத்து அனுப்புறேன், வருஷா வருஷம் தள்ளிவிடறாங்க. இந்தத் தடவையும் ஒண்ணும் இல்லேன்னா வீட்ல ஒருத்தர் மதிக்க மாட்டாங்க.”

“ஏதாவது எடுத்தீங்களா?”

இந்தக் கேள்விக்காகத்தான் மனுஷர் மாடிப்படி ஏறி வந்ததே. கார்டை உருவிக் கொடுத்தார். ஜெசிந்தா படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்.

“இதுதான் டீச்சர். இதைப் பெரிசு பண்ணுங்க.”

கார்த்திகை மழையில் நிறைந்து ஓடும் வாய்க்கால். பின்னால் பச்சை வயல். இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண். ஒரு கை பாடையின் மூங்கிலைப் பிடித்திருக்கிறது. வாய் திறந்து அலறுகிறாள்.

“இன்னிக்கு மத்தியானம் எடுத்தது. மதகு மேல நின்னுக்கிட்டு, ஜூம் போட்டு. இதுல ஒரு வசதி பாத்தீங்களா, சத்தத்தை அணைச்சு வச்சிட்டா பொட்டுச் சத்தம் வராது. அத்தனை படம் எடுத்தேன், ஒருத்தர் திரும்பிப் பாக்கலை.”

ஜெசிந்தா கார்டைத் திரும்பக் கேமராவுக்குள் போட்டார். கேமராவைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“செத்துப்போனது யாரு?”

“ஒரு வயசான அம்மா. இது அவங்க பொண்ணு. பையன் கிடையாதாம், அதான் பொண்ணே சுடுகாடு வரைக்கும் போகுது. பொம்பளைங்க தெருமுனையோட நின்னுடுவாங்கள்ல? இது போகுது. அதுதான் இந்தப் படத்துல விசேஷம்.”

“அவங்க பேரு?”

“கேக்கலை.”

“எதுக்கு அலறுறாங்க?”

“அது தெரியலை டீச்சர். திடீர்னு அலறினாங்க. நான் முகத்தையே பிடிச்சுக்கிட்டு இருந்தேன். எடுத்த உடனே எப்படி வந்திருக்குன்னு ஸ்கிரீன்ல பாக்க ஆரம்பிச்சுட்டேன். எக்ஸ்பிரஷன் பாருங்க, பிரமாதம்.”

வேதரத்தினம் அந்த முகத்தை இன்னும் பெரிதாக்கினார். திரை முழுக்க அந்த வாய்தான்.

“சுடுகாட்டுக்குப் பாதை கிடையாதா? ஏன் தண்ணியில போறாங்க?”

“இருந்துச்சு. அந்தத் தெரு ஜனங்க காலங்காலமா போய்க்கிட்டிருந்த பாதை. ஒருத்தர் அங்கே புதுசா வீடு கட்டினார். வாசல் வழியா பிணம் போறது நல்லா இல்லேன்னு குறுக்கே சுவர் எழுப்பிட்டார். கோடையில வாய்க்கால் காஞ்சு கிடக்கும், பரவாயில்லை. மழைக்காலத்துல இப்படித்தான்.”

பாலிசி விவரம் சொல்கிற அதே குரலில்தான் சொன்னார். கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது. ஒருத்தன் வீட்டு வாசல் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக, ஊரே பார்த்திருக்க, பிணத்தைத் தண்ணீரில் தூக்கிப் போகிறார்கள். இவர் மழைக்காலத்தில் இப்படித்தான் என்கிறார்.

“அந்தச் சுவர் எங்கே சார்?”

“படத்துலயா? ஓரத்துல ஒரு துண்டு வந்துச்சு, கேமராவிலேயே வெட்டிட்டேன். பூசாத சுவர் டீச்சர். செங்கல்லு பல்லை இளிச்சுக்கிட்டு நிக்குது. அத்தனை பச்சைக்கு நடுவுல அசிங்கமா இருந்துச்சு.”

ஜெசிந்தா திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினார்.

“நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? கண்ணை உறுத்துறதை ஃபிரேமுக்கு வெளியே தள்ளுங்கன்னு.”

“சொன்னேன்.”

சொல்லும்போதே அவர் முகம் கடுத்துவிட்டது. கோபம் வேதரத்தினத்தின் மேலா தன்மேலா என்று அந்த நேரத்தில் ஜெசிந்தாவுக்கே தெரியவில்லை.

வேதரத்தினம் அதைக் கவனிக்கவில்லை. அவர் பாட்டுக்குத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பரிசு என்று போட்டுத் தன் பேரை எந்த எழுத்தில் அச்சடிப்பார்கள் என்றுகூட யோசித்திருப்பார்.

கொஞ்ச நேரம் கழித்து ஜெசிந்தா கேமராவின் பின்பக்கத் திரையை அவருக்குக் காட்டினார்.

“இதையும் பாருங்க.”

அதில் ஒரு புதுப் படம். கம்ப்யூட்டர் திரையில் அந்தப் பெண் அலறிக்கொண்டிருக்கிறாள். அதற்கு முன்னால், பக்கவாட்டில், வேதரத்தினம். அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

“இது… எப்ப எடுத்தீங்க?”

“இப்பதான். சத்தம் வரலை.”

வேதரத்தினத்துக்குக் காது மடல்கூடச் சிவந்துவிட்டது.

“அழிங்க டீச்சர் முதல்ல. சொல்லாம கொள்ளாம ஒரு மனுஷனை இப்படியா எடுக்கிறது? நாலு பேர் பாத்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?”

ஜெசிந்தா வாதாடவில்லை. அவர் கண் முன்னாலேயே அழித்தார். அப்புறம் மெனுவுக்குள் போய்ச் சத்தத்தைக் கூட்டினார். எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு. ஜன்னல் பக்கம் திருப்பி ஒன்று எடுத்தார். அறை முழுக்கக் கேட்டது.

“நாளைக்குக் காலையில பால் தெளிக்கப் போவாங்க. நீங்களும் போங்க.”

“இதோடயா? ஊரே திரும்பிப் பாக்கும்.”

“பாக்கட்டும்.”

“நான் கேட்டது என்ன, நீங்க சொல்றது என்ன? ஆட்டோஃபோகஸ் பத்திக் கேக்கலாம்னு வந்தேன், அப்பர்ச்சர் பத்திக் கேக்கலாம்னு வந்தேன். கைவசம் ஒரு அருமையான படம் இருக்கு. அதை அனுப்பவான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“ஞாயிறு வரைக்கும் டைம் இருக்கு சார்.”

கேமராவைக் கொடுத்துவிட்டு விளக்கைப் போடப் போய்விட்டார்.

வேதரத்தினம் படியிறங்கும்போது திட்டிக்கொண்டே இறங்கினார். சம்பளம் கட்டிப் படிக்கிறவனுக்கு இந்த மரியாதையா என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் புலம்பினார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் சத்தத்தை அணைக்க மெனுவைத் திறந்தார். படத்தில் பார்த்த, பல் தெரிந்த தன் முகம் நினைவுக்கு வந்தது. அவமானமாக இருந்தது. மெனுவை மூடிவிட்டார்.

சனிக்கிழமை காலை. மழை விட்டிருந்தது. வாய்க்கால் விடவில்லை.

ஆண்கள் சிலர் தண்ணீரில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நடுவில் அந்தப் பெண். பால் சொம்பை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

வேதரத்தினம் மதகு மேல் நின்று ஒன்று எடுத்தார்.

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் நின்றுவிட்டாள்.

“யாரது?” என்றார் ஒருவர்.

“படம் எடுக்க வந்தேங்க. திருத்துறைப்பூண்டியிலேர்ந்து.”

“நேத்தும் வந்தீங்களா?” இது அந்தப் பெண்.

இல்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது.

“வந்தேன்.”

“நான் பாக்கலையே.”

“சத்தம் வராம வச்சிருந்தேன்.”

“ஏன்?”

தெருத் தெருவாகப் பேசியே பிழைக்கிற மனுஷர். இப்போது கேமரா வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“சொவத்தை எடுத்தீங்களா?”

“இல்லை.”

“சொல்லியிருந்தீங்கன்னா அதைத்தானே சார் மொதல்ல எடுக்கச் சொல்லியிருப்பேன்? வர்றவங்க எல்லாரும் நாங்க அழுவுறதைத்தான் எடுக்குறாங்க. பாக்குறவங்க ஐயோ பாவம்ங்குறாங்க. எங்களுக்கு எதுக்கு சார் ஐயோ பாவம்? அதைக் கட்டுனவன் நல்லாத் தின்னுட்டு நல்லாத் தூங்குறான். அவன் மூஞ்சியை ஒருத்தரும் எடுக்கலை, அவன் சொவத்தையும் எடுக்கலை.”

குரல் உயரவில்லை. சொம்பை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“விடு புள்ள, நேரமாவுது” என்றார் முன்னால் போனவர்.

“இரு மாமா.”

வேதரத்தினம் மதகு ஓரத்துக்கு வந்தார்.

“உங்க பேரு என்னம்மா?”

“எதுக்கு?”

“நேத்தே கேட்டிருக்கணும்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அஞ்சலை. எங்கம்மா பேரு பவுனம்மா.”

அவர் கேமராவைத் தூக்கினார். சுவரைப் பிடித்தால் அஞ்சலை ஒரு ஓரமாகப் போனாள். அஞ்சலையைப் பிடித்தால் சுவரில் ஒரு துண்டுதான் வந்தது. இந்தப் பக்கம் நகர்ந்தார், அந்தப் பக்கம் நகர்ந்தார். உட்கார்ந்துகூடப் பார்த்தார்.

“அங்கேருந்து வராது சார். இங்க வாங்க.”

“எங்கே?”

“இங்க. எனக்கு முன்னால வந்து நில்லுங்க. எம் மொகமும் வரும், பின்னால அந்தச் சொவரு முழுசும் வரும்.”

வேதரத்தினம் தண்ணீரைப் பார்த்தார். செம்மண் நிறத்தில் வேகமாக ஓடியது. அடி தெரியவில்லை. கேமராவை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டார்.

“இது இரவல் கேமரா அஞ்சலை. என் மச்சினனோடது. கால் தவறித் தண்ணியில விழுந்துட்டா நான் தொலைஞ்சேன். அவனுக்கு என்ன பதில் சொல்லுவேன்?”

அஞ்சலை அவரை நேராகப் பார்த்தாள். நேற்றுத் திரை முழுக்கப் பார்த்த அதே முகம். இப்போது வாய் மூடியிருந்தது.

“நேத்து இந்த எடத்துலதான் சார் தூக்குனவருக்குக் கால் வழுக்கிச்சு. பாடை சரிஞ்சு எங்கம்மா தண்ணியில விழுந்துச்சு. எனக்கு யாரு சார் பதில் சொல்லுறா?”

வேதரத்தினம் செருப்பைக் கழற்றினார்.