குரங்கு கொடுத்த பெயர்

நைல் ஆற்றுக்கு இன்னும் வயசாகாத காலம் அது. எகிப்து தேசத்துக் கோயிலில் காயி என்று ஒரு பாடகர் இருந்தார். தினமும் விடிகிற நேரம் யாழை மீட்டி, "ரா!" என்று கூப்பிடுவார். ரா என்றால் அங்கே சூரியன். கூப்பிட்டதும் ஜம்மென்று வந்துவிடும்.

கெரூ என்ற மந்திரவாதிக்கு இது பொறுக்கவில்லை. "சூரியன் நான் கூப்பிட்டால்தான் வரணும்!" ஆசையைப் பாருங்கள்! ரா என்ற பெயரைப் பிடித்து ஒரு மண்ஜாடிக்குள் அடைத்தான். 'பாடகன் தொலையட்டும், அப்புறம் திறக்கலாம்' என்று காத்திருந்தான்.

முதல் நாள் காயி யாழை மீட்டினார். வாய் திறந்தது, பெயர் வரவில்லை. சூரியனும் வரவில்லை. இரண்டாம் நாள் மத்தளம் கொட்டினார். பெயர் வரவில்லை, சூரியனும் வரவில்லை.

ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "நாளைக்கும் வராவிட்டால் இவரை முதலைக்குப் போடுங்கள்!"

காயியின் மகள் தாமித் கோயில் மதிலடியில் தேம்பித் தேம்பி அழுதாள். மதில்மேல் இருந்து ஒரு நாய்மூஞ்சிக் குரங்கு எட்டிப் பார்த்தது.

"அழாதே பொண்ணே! இது கெரூ பண்ண வேலை. ஆனா அந்தப் பெயரே நாங்க கொடுத்ததுதான். மனுஷங்களுக்குப் பேச்சு வராத காலத்துல, நாங்க கையைத் தூக்கிச் சூரியனைப் பார்த்து சந்தோஷமா கத்துவோம். அந்தச் சத்தத்தைத்தான் உங்க ஆளுங்க பெயராக்கிக்கிட்டாங்க. பெயரைத்தானே அடைச்சான்? சத்தத்தை அடைக்கலையே!"

"அப்போ இப்பவே கத்தேன்!"

"இந்த இருட்டுல சந்தோஷம் எங்கே வருது? யாராவது சிரிக்க வச்சாத்தான் உண்டு."

மூன்றாம் நாள். கோயில் மதிலை ஒட்டிய ஆற்றங்கரையில் தீவட்டி வெளிச்சத்தில் காயியைக் கட்டி நிறுத்தினார்கள். முதலை வாயைப் பிளந்தது. தாமித் ஓடி வந்தாள். ஒரு கயிற்றை வாலாகக் கட்டிக்கொண்டாள். குரங்குக்கு இருப்பதுபோலவே பின்பக்கம் செம்மண்ணைப் பூசிக்கொண்டாள். கன்னத்தை உப்பிக்கொண்டு, அப்பா முன்னால் தத்தித் தத்தி ஆடினாள்.

"அடி என் கண்ணே, பின்னாடி என்னடி கோலம்!"

சாகப்போகிற மனுஷர் வெடித்துச் சிரித்தார். காவலர்கள் சிரித்தார்கள். ராஜாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மதில்மேல் கூடியிருந்த குரங்குகளுக்கும் சிரிப்பு தொற்றியது. எல்லாம் கையைத் தூக்கி, "ஆ... ஆ... ஆ!" என்று கத்தின.

படார்! கூட்டத்தில் நின்ற கெரூவின் கையிலேயே ஜாடி வெடித்தது. சிரித்துக்கொண்டிருந்த காயியின் வாயிலிருந்து "ரா!" என்று பெயர் துள்ளி வந்தது. சூரியனும் வந்தது!

ராஜா தன் கையாலேயே கட்டை அவிழ்த்தார். தாமித் ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

கெரூவா? ராஜா கொடுத்த தண்டனைப்படி தினமும் விடிகாலையில் குரங்குகளுக்கு அத்திப்பழம் பறித்துப் போடுகிறான். அவை தின்றுவிட்டு அவன் காதுப் பக்கமாகவே கத்தும்.

காயி இப்போதெல்லாம் பாடுவதற்கு முன்னால் மகளை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். உடனே சிரிப்பு வந்துவிடும். சூரியன் அதற்கப்புறம் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை.