சந்தன வேம்பில் ஒரு குதிரை

நாகப்பட்டினத்தில் மரவாடி வைத்திருந்த வைரவநாதர், அய்யனாருக்குக் குதிரை வாகனம் செய்து தருவதாக நேர்ந்துகொண்டார். செதுக்க வந்த குஞ்சம்மாள், சிவந்து மணக்கும் சந்தன வேம்பு கேட்டாள். அவரோ மலிவான மலைவேம்பை இறக்கினார்.

“ஐயா, இது வேற மரம்.”

“எல்லா வேம்பும் வேம்புதான்! திருவிழாவுக்குள்ள குதிரை வரலேன்னா, இந்த ஊர்ல நீ உளி பிடிக்க முடியாது!”

குஞ்சம்மாள் அந்த மரத்திலேயே உளியை வைத்தாள். திருவிழாவன்று ஊர் கூடியதும் வாகனத்தை மூடியிருந்த துணியை விலக்கினாள். வாலைச் சுருட்டிக்கொண்டு ஆளுயரக் கடல்குதிரை நின்றது.

“நான் கேட்டது குதிரை!” என்று கத்தினார் வைரவநாதர்.

“எல்லா வேம்பும் வேம்புன்னா, எல்லாக் குதிரையும் குதிரைதானுங்க ஐயா!”

ஊரே சிரித்தது. மறுநாளே சந்தன வேம்பு வந்திறங்கியது.

அடுத்த ஆண்டு அய்யனார் சிவந்த குதிரைமேல் வீதியுலா வந்தார். “யார் கைவேலை இது?” என்றார் ஒரு வெளியூர்க்காரர். வைரவநாதரே முந்திக்கொண்டு சொன்னார்: “எங்க ஊர்க் குஞ்சம்மாள்!”