ஒரே சொல்லில் பதில்

துணிக்கடை முதலாளி மாணிக்கவேலுக்கு நீண்ட பேச்சு ஆகாது. கணக்குப் பார்க்கும் ஏஐகூட ஒரே சொல்லில்தான் பதில் தரவேண்டும்.

“எந்தக் கிளையில வியாபாரம் குறைவு?”

“கரூர்” என்றது ஏஐ.

“நாளைக்கே மூடு. அங்க இருக்கிற எட்டுப் பேரையும் அனுப்பிடு.”

கேள்விகளைத் தட்டச்சு செய்யும் பூங்கோதை அசையவில்லை. “இன்னொண்ணு கேட்டுடறேன் முதலாளி. தினமும் கடையில உட்கார்ந்துக்கிட்டு இந்த வருஷம் ஒரு சேலைகூட விக்காத ஆள் யாரு?”

“மாணிக்கவேல்” என்றது ஏஐ.

முதலாளியின் முகம் கறுத்தது. “நான் கல்லாவைப் பார்க்கிறவன்மா. விவரமாச் சொல்லச் சொல்லு.”

“அப்போ கரூருக்கும் விவரம் கேட்டுடலாம் முதலாளி.”

கேட்டாள். கிளையிலிருந்து வந்திருந்த தகவல்களைப் பார்த்து ஏஐ விளக்கியது: ஆடித் தள்ளுபடி மாதம் முழுவதும் கரூர்க் கடை வாசலில் சாக்கடைக்காகத் தோண்டிய பள்ளம், உள்ளே வர வழியில்லை.

முதலாளி ஒரே சொல்லில் பதில் சொன்னார். “திறந்திருக்கட்டும்.”