மதில்மேல் வந்த நோன்புக் கஞ்சி

புதிர் ஒன்று சொல்கிறேன். காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். பாதியிலேயே "எனக்குத் தெரியும்" என்று கை தூக்குகிறவர்கள்தான் இதில் முதலில் தோற்கிறார்கள்.

திண்டுக்கல்லில் ஒரு குறுகிய தெரு. நடுவே ஒரு மதில், இருபுறமும் வீடுகள். இந்தப் பக்கம் பிலவேந்திரன், அவர் மனைவி ரீத்தம்மாள், மகள் அமலி. அந்தப் பக்கம் ஹாஜிரா. இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஹாஜிராவின் சேவல் ரீத்தம்மாள் மொட்டைமாடியில் காயவைத்த வற்றலைக் கிண்டிவிட்டது. ரீத்தம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டாள். அமலியை இடுப்பில் தூக்கி வளர்த்தவளே இந்த ஹாஜிராதான், பாருங்கள்!

அந்த வருஷம் தவக்காலமும் ரமலானும் சேர்ந்தே வந்தன. சாம்பல் புதனன்று மூவரும் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு கோயிலிலிருந்து திரும்பியதை ஹாஜிரா வாசலில் நின்று பார்த்தாள். ஈஸ்டர்வரை கறி தொடுவதில்லை என்று மூவரும் ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். ரீத்தம்மாள் கூடவே ஒன்று கேட்டாள்: "ஆண்டவரே, ஈஸ்டருக்குள்ள ஹாஜிரா எங்கூடப் பேசிடணும்." தானே போய்ப் பேச மட்டும் துணிச்சல் வரவில்லை.

இரண்டாம் வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் நேரம். மதில்மேல் ஒரு தூக்குவாளி வந்து உட்கார்ந்தது. பின்னால் ஹாஜிராவின் முகம், பகல் முழுக்க நோன்பிருந்த களைப்போடு.

"ரீத்தாக்கா... நோன்புக் கஞ்சி. குடிங்க."

ஹாஜிரா வீட்டுக் கஞ்சி என்றால் கொத்துக்கறி போட்டது, தெருவுக்கே தெரியும். கறி வாசனை பட்டாலே வாலைத் தூக்கிக்கொண்டு கத்தும் அவள் பூனை, வாளிக்குப் பக்கத்தில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

பிலவேந்திரன் கைகூப்பினார். "மனசுல வச்சுக்காத தங்கச்சி. தவக்காலம், கறி தொட மாட்டோம்."

ஹாஜிரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ரீத்தம்மாள் வாளியைப் பிடுங்கி, மூடியில் ஊற்றி, நின்றபடியே ஒரே மடக்கில் குடித்துவிட்டாள். "சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ அழாதடி!" என்றாள். அழுதது இவள்தான். ஹாஜிரா சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

அமலி மிச்சத்தை வாங்கி, "ரொம்ப சந்தோஷம் அத்தை" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. தெருமுனையில் பசியோடு செருப்புத் தைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

அப்பா உள்ளதைச் சொல்லி வாக்கைக் காத்தார். அம்மா உறவுக்காக வாக்கை விட்டாள். மகள் இரண்டையும் காத்து ஒரு வயிற்றையும் நிரப்பினாள். சொல்லுங்கள், அன்று தவக்காலத்தை முழுசாக வாழ்ந்தது யார்?

விடை: மகள்தான் என்கிறீர்களா? பூனையை மறந்துவிட்டீர்களே! வாளியில் கறியே இல்லை. குடித்தவளுக்கும் தெரியவில்லை, அழுகையில் என்ன ருசி தெரியும்? சாம்பல் சிலுவையைப் பார்த்த அன்றே ஹாஜிரா தன் கஞ்சியில் கறியை நிறுத்திவிட்டாள். மதில் பக்கம் போகத் துணிச்சல் என்றைக்கு வருமோ, அன்றைக்குக் கொண்டுபோகலாம் என்று தினமும் அப்படியே காய்ச்சினாள். எந்த வாக்கும் கொடுக்காதவள் அடுத்த வீட்டின் வாக்கைக் காத்தாள். முழுசாக வாழ்ந்தது அவள்தான். ரீத்தம்மாளிடம் அதை அவள் ஈஸ்டர் அன்றுதான் சொன்னாள்: "எனக்காக நீங்க சாமிகிட்டயே பதில் சொல்றேன்னீங்கல்ல அக்கா, அதைக் கொஞ்ச நாள் வச்சுக்கணும்போல இருந்துச்சு. அதான் சொல்லல."